குளிர்முனையில் வைத்த தகடு

மகம்பாகோ சந்திப்பிலிருந்து ம்பெயா போகும் சாலையில், எடைமேடையைத் தாண்டியதும் இடது பக்கம் லாரிப் பட்டறைகள் வரிசையாக நிற்கும். அங்கே மெக்கானிக்கை ஃபுண்டி என்பார்கள்; அந்த வரிசையில் ஃபுண்டி ஒனேஸ்மோ ம்லோவே அதிகம் பேசாதவர் என்று பெயர் வாங்கியிருந்தார். அது ஞானத்தினால் வந்த மௌனம் அல்ல. கழற்றிய போல்ட்டைத் தரையில் வைத்தால் மண் ஒட்டும், சட்டைப்பையில் போட்டால் தொலையும் என்பதால் அவர் வாயில் வைத்துக்கொள்வார். காலையில் பட்டறைக்கு வந்தால் மத்தியான உகாலிக் களிக்குத்தான் வாய் காலியாகும். கேள்வி கேட்பவர்கள் பல்லிடுக்கில் வரும் ஒரு 'ம்'மைக் கேட்டுவிட்டு, அதற்குத் தங்களுக்குத் தோன்றிய பொருளை எடுத்துக்கொண்டு போவார்கள்.

பேசாத அந்த மனிதரின் பெயர் துண்டுமா எல்லையிலிருந்து டார் துறைமுகம் வரை தெரிந்திருந்தது. காரணம் ஒரு தகடு. உள்ளங்கையில் பாதி அளவு, மூன்று மில்லிமீட்டர் கனம், பழைய டிரெய்லரின் இரும்புப் பக்கப் பலகையிலிருந்து வெட்டியது.

ஐரோப்பாவில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டு இங்கே வரும் லாரிகளில் ஒரு குழாய் உண்டு. எஞ்சின் வெளியே விடும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே அனுப்புவது அதன் வேலை. செய்தவர்களுக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. எரியும் சூடு குறையும், ஊர்க் காற்றில் சேரும் கெட்ட வாயு ஒன்றும் குறையும். இந்தச் சாலையில் கிடைக்கும் டீசலில் அந்த நியாயம் நான்கு மாதம் தாங்கவில்லை. திரும்பி வந்த புகை காற்றுக்குழாயின் உள்ளே தார் போலப் படிந்து, கையளவு வாயை விரலளவாக்கிவிட்டது. மூச்சு முட்டிய லாரிகள் மேட்டில் நின்றன.

அப்படி வந்த முதல் லாரியை ஒனேஸ்மோ மண்ணெண்ணெய் ஊற்றி, வீட்டிலிருந்து எடுத்து வந்த கரண்டியால் சுரண்டினார். "அந்தக் கரண்டியோட இனி வீட்டு வாசப்படி ஏறாதீங்க" என்றாள் மனைவி எடினா. நான்கு மாதத்தில் அதே லாரி மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை வந்தபோது தகட்டை வெட்டி, திரும்பும் குழாயின் நடுவே வைத்து இறுக்கிவிட்டார். புகை திரும்பவில்லை. லாரி மேடேறியது. டாஷ்போர்டில் எரிந்த மஞ்சள் விளக்கின் மேல் டிரைவர் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டான்.

மற்ற ஃபுண்டிகளும் தகடு வைத்தார்கள். ஒனேஸ்மோ மட்டும் தகட்டின் ஓரத்தில் ஒரு காது விட்டு வெட்டினார். இணைப்புக்கு வெளியே கட்டைவிரல் நகம்போல அது நீட்டிக்கொண்டிருக்கும். அதில் சுத்தியால் இரண்டு புள்ளி அடித்திருப்பார். வேறு ஊர் ஃபுண்டி பிரித்துப் பார்க்காமலே உள்ளே தகடு இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பார். நேர்மையான ஏற்பாடுதான். போகிற வருகிற லாரிகளில் தன் இரண்டு புள்ளியைப் பார்ப்பது அவருக்குப் பிடித்தும் இருந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஒருமுறை டயருக்குக் காற்றடிக்க வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "அந்தக் குழாய் காத்தச் சுத்தமா வைக்கத்தானே? அத அடைக்கலாமா?" என்று கேட்டார்.

ஒனேஸ்மோ வாயிலிருந்த போல்ட்டை எடுத்தார். "மேட்டுல நின்னுபோன லாரியும் காத்தச் சுத்தமாத்தான் சார் வச்சிருக்கு."

ஆசிரியர் சிரித்துவிட்டுப் போனார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று ஒனேஸ்மோவுக்குத் தெரியும். சிரிப்பு வந்ததும் கேள்வி போய்விட்டது. அவரும் அதை விட்டுவிட்டார்.

அந்தக் குழாய்க்கு இரண்டு முனைகள். ஒரு முனை, எஞ்சினின் புகை முதலில் வெளியே வரும் வாயில் இருக்கும். அதைச் சூட்டுமுனை என்பார்கள். அங்கிருந்து புகை ஒரு கூலருக்குள் போகும். அது எஃகு உருளை. உள்ளே மெல்லிய குழல்களில் புகை போக, குழல்களைச் சுற்றி ரேடியேட்டர் தண்ணீர் ஓடும். சூடு தணிந்த புகை கூலரின் மறுமுனை வழியாகக் காற்றுக்குழாயில் சேரும். அது குளிர்முனை. எங்கே தகடு வைத்தாலும் புகை நிற்கும். சூட்டுமுனையில் நான்கு போல்ட்கள், வருடக்கணக்காக வெந்து இறுகியவை. ஸ்பானர் வைத்தால் பாதி நேரம் தலை பிய்ந்து கையோடு வரும்; உடைந்த மிச்சத்தைத் துளைத்தெடுக்க ஒரு நாள் போகும். குளிர்முனையில் இரண்டே போல்ட்கள். இருபது நிமிட வேலை.

வரிசை முழுக்கக் குளிர்முனையில்தான் வைத்தது. ஒனேஸ்மோவும் அங்கேதான் வைத்தார். எளிதான வேலையும் சரியான வேலையும் பல வருடங்கள் ஒரே வேலையாகத் தெரியக்கூடும். அவை பிரியும் நாள்வரை ஒருவன் எதைச் செய்துகொண்டிருந்தான் என்று அவனுக்கே தெரிய வழியில்லை.

மார்ச் மாத மழை வலுத்த வாரத்தில், துமைனி அம்மாவின் நீல லாரியை வேறொரு லாரி கயிறு கட்டி இழுத்து வந்தது. டாரிலிருந்து உர மூட்டைகளோடு கிடோங்கா மலைச்சாலையில் ஏறும்போது எஞ்சின் கொதித்து, பாதி வழியில் நின்றுவிட்டதாம். துமைனி அம்மாவுக்கு மூன்று லாரிகள். கணவர் இறந்தபின், சந்தையில் உருளைக்கிழங்கு விற்ற இடத்திலிருந்து அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. லாரி வந்து சேர்ந்த அன்றே டிரைவர் அம்பகிஸ்யேயிடமிருந்து சாவியை வாங்கிவிட்டாள்.

அம்பகிஸ்யே அவளிடம் ஏழு வருடம் ஓட்டியவன், முப்பத்தைந்து வயது. சாவி போன மறுநாளும் பட்டறைக்கு வந்தான். "ஷிகமோ, அண்ணே" என்று முறைப்படி வணங்கிவிட்டு, கழற்றிப் போட்டிருந்த ஒரு டயரின்மேல் உட்கார்ந்தான். அவன் ஏன் வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் வெந்தாலோ, கியர்பாக்ஸ் உடைந்தாலோ, முதலாளியும் டிரைவரும் பிரித்துப் பார்த்த ஃபுண்டியின் முன் வந்து நிற்பார்கள். முதலாளி ஒரே கேள்வி கேட்பார்: ஓட்டினவனா, வண்டியா? ஃபுண்டி ஒரு சொல் சொல்வார். வண்டி என்றால் டிரைவர் சாவியை வாங்கிக்கொண்டு போவான். ஓட்டினவன் என்றால் அந்தச் சொல் அவனுக்கு முன்னால் துண்டுமாவுக்கும் டாருக்கும் போய்ச் சேரும். அதன்பின் அவனுக்கு யாரும் ஸ்டீயரிங் தரமாட்டார்கள். காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை. துமைனி அம்மா சனிக்கிழமை பத்து மணி என்று சொல்லியிருந்தாள்.

"எனக்கு என்ன புரியலன்னா ஃபுண்டி," என்று போகும்போது சொன்னாள், "ரெண்டு மாசமா தண்ணி குறைஞ்சுதாம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. கேட்டா, ஃபுண்டிகிட்டச் சொன்னேங்கறான். உங்ககிட்டச் சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா? பொய் சொல்றதுலயும் ஒரு அளவு வேணாம்?"

ஒனேஸ்மோவின் வாயில் போல்ட் இருந்தது. அவர் 'ம்' என்றார். அவள் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டயரின்மேல் இருந்த அம்பகிஸ்யே இதைக் கேட்டான். எழுந்து வரவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் சொல்லியிருந்தான். ஒனேஸ்மோவுக்கு நினைவிருந்தது. ஜனவரியில் ஒரு நாள், அவர் வேறொரு வண்டிக்குக் கீழே படுத்திருக்க, அம்பகிஸ்யே குனிந்து, "அண்ணே, நம்ம வண்டி தண்ணி குடிக்குது. கீழ ஒரு சொட்டு ஒழுகல. எங்க போகுதுன்னே தெரியல" என்றான். அதற்கு அவர், "இந்த ரோட்டுல எந்த வண்டிடா தண்ணி குடிக்கல? இன்னொரு கேன் வச்சுக்க" என்றார். போல்ட்டை வாயிலிருந்து எடுக்காமலே சொன்ன பதில். பொய்யான பதிலும் அல்ல. கிடோங்கா ஏறும் எந்த டிரைவரும் அடிவாரத்தில் ருவாஹா ம்புயுனியில் நிறுத்தி, வெங்காயம் வாங்கி, ஆற்றிலிருந்து கேன்களை நிரப்பிக்கொண்டுதான் ஏறுவான். எல்லா வண்டிக்கும் தாகம் எடுக்கும் சாலையில், ஒரு வண்டியின் தாகம் நோய் என்று யாருக்குத் தோன்றும்?

மூன்று நாள் பிரித்தார். எஞ்சினின் மேல்மூடியான ஹெட் மேல் நேரான எஃகுச் சட்டத்தை நிறுத்தி வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவு வளைந்திருந்தது. ஆனால் தண்ணீர் போன வழி தெரியவில்லை. ரேடியேட்டர் நன்றாக இருந்தது. பம்ப் நன்றாக இருந்தது. ரப்பர் குழாய்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"சூடு காட்டற முள்ளு ஏறவே இல்லண்ணே," என்றான் அம்பகிஸ்யே டயரிலிருந்து. "சத்தியமா. பாதி மேட்டுல கீழதான் எறங்குச்சு. நல்ல சகுனம்னு நெனச்சேன்."

"தண்ணி போயிட்டா முள்ளுக்குச் சூடு தெரியாது," என்றார் ஒனேஸ்மோ. "வெறும் ஆவியத்தான் அது தொட்டுட்டிருந்திருக்கும்."

"இத அந்தம்மாகிட்டச் சொல்லுங்க."

"எல்லாத்தையும் பாத்துட்டுச் சொல்றேன்."

"நான் உங்ககிட்ட வந்து சொன்னது ஞாபகம் இருக்காண்ணே?"

பக்கத்துப் பட்டறையிலிருந்து நாசில் துடைத்துக்கொண்டே ஃபெஸ்டோ எட்டிப் பார்த்தான். ஃபெஸ்டோ டீசல் பீச்சும் இன்ஜெக்டர்களைப் பழுதுபார்ப்பவன். வாய் எப்போதும் காலி. "ஏண்டா, அவருக்கு வெள்ளிக்கிழம போட்ட சட்ட சனிக்கிழம ஞாபகம் இருக்காது. ஜனவரில நீ சொன்னத வச்சிருப்பாரா?"

அவன் சிரித்தான். ஒனேஸ்மோ அடுத்த போல்ட்டைக் கழற்றினார். 'ஞாபகம் இருக்கிறது' என்று சொல்ல அது எளிதான நேரம். அந்த நேரம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, புகை வெளியேறும் வாயைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தார். உள்ளே கரி கறுப்பாக இருந்தது. சூட்டுமுனை சேரும் இடத்தில் மட்டும் கறுப்பு இல்லை. தண்ணீர் கொதித்துக் கொதித்துக் கெண்டியின் அடியில் படியுமே, அந்த வெள்ளைச் சுண்ணாம்பு அங்கே படிந்திருந்தது.

தண்ணீர் வரவே கூடாத இடம் அது. பிறகு கூலரைக் கழற்றி, புகை வழியின் ஒரு வாயை ரப்பரும் மரக்கட்டையும் வைத்து அடைத்தார். மறு வாயில் சைக்கிள் பம்பைப் பொருத்தி, உருளையைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி அடித்தார். ஐந்தாவது அடிக்குத் தண்ணீர் ஓடும் பக்கத்திலிருந்து குமிழி வந்தது. முதலில் ஒன்று. பிறகு வரிசையாக.

அவருக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. கூலருக்குள் குழலில் விரிசல் விட்டிருக்கிறது. தண்ணீர் அதற்குள் கசிந்திருக்கிறது. குளிர்முனையை அவருடைய தகடு அடைத்திருந்தது. சூட்டுமுனை திறந்தே இருந்தது. ஆகவே தண்ணீர் அந்தப் பக்கம் போய், புகையோடு ஆவியாகி, சைலன்சர் வழியாக வானத்துக்குப் போயிருக்கிறது. கீழே ஒரு சொட்டு ஒழுகாததற்கு அதுதான் காரணம். தகடு சூட்டுமுனையில் இருந்திருந்தால் கசிந்த தண்ணீர் உருளைக்குள்ளேயே தேங்கி நின்றிருக்கும். குளிர்முனைக்கு அப்பால் உள்ள வால்வு மூடியிருக்க, அதற்குப் போக வழி இருந்திருக்காது.

கூலரோடு கழன்று வந்த தகட்டைக் கையில் எடுத்தார். அவர் விரல்கள் பிடித்திருந்தது இரண்டு புள்ளி வைத்த காதை.

ஃபெஸ்டோ சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டே வந்து தொட்டியைப் பார்த்தான். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சரி," என்றான். "வண்டின்னு சொல்லிடுங்க. பய பொழச்சுக்குவான்."

"வண்டியா?"

"பின்ன? தகடே போடாத வண்டில எத்தன கூலர் வெடிச்சிருக்கு! இது பதிமூணு வருஷக் கூலர். உங்க தகடுதான் வெடிக்க வச்சுதுன்னு யாரு சொன்னா?"

"தெரியாது. வச்சிருக்கலாம், வைக்காமயும் இருக்கலாம். ஆனா தண்ணிக்கு வழி விட்டது நான்தான்."

"அண்ணே, வரிசையில அத்தன பேரும் குளிர்முனையிலதான் வச்சோம்."

"உங்க தகட்டுக்குக் காது இல்ல."

ஃபெஸ்டோ பல்குச்சியைத் துப்பினான். "அதான் அன்னிக்கே சொன்னேன், காது வைக்காதீங்கன்னு. காது இருந்தா யாராவது பிடிச்சுத் திருகுவான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "விளையாடல. உங்க ரெண்டு புள்ளி எத்தன வண்டில இருக்கு? எம்பதா, தொண்ணூறா? நாளைக்கு நீங்க வாயத் திறந்தா, திங்கக்கிழம இந்த வரிசைக்கு ஒரு வண்டி வராது. உங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும்தான்."

அவன் சொன்னது நியாயம். ஒனேஸ்மோவால் அதை மறுக்க முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் எடினாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டாள். "அந்தப் பையனுக்கு எத்தன பிள்ளைங்க?" என்றாள். "மூணு" என்றார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்கு அறிவுரை தேவைப்பட்டது. கிடைத்தது ஒரு எண்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் துமைனி அம்மா குடையோடு வந்தாள். மழை இல்லை, காற்றுதான். அம்பகிஸ்யே இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். வரிசையிலிருந்து ஏழெட்டுப் பேர் வேலை இருப்பதுபோல வந்து நின்றார்கள். ஃபெஸ்டோ தன் பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டான்.

"சொல்லுங்க ஃபுண்டி," என்றாள். "ஓட்டினவனா, வண்டியா?"

ஒனேஸ்மோ கூலரைத் தொட்டியில் அமிழ்த்திப் பம்பை அடித்தார். குமிழிகள் வந்தன. தண்ணீர் போன வழியைச் சொன்னார். முள் ஏறாததற்குக் காரணம் சொன்னார். அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

துமைனி அம்மா குனிந்து குமிழிகளைப் பார்த்தாள். ஏமாற்ற முடியாத கண்கள். "அப்ப வண்டி," என்றாள்.

நின்றவர்கள் உடம்பைத் தளர்த்தினார்கள். யாரோ அம்பகிஸ்யேயின் முதுகில் தட்டினார்கள். ஃபெஸ்டோ வாசலில் தலையை ஆட்டினான்.

"வண்டிதான், ஒத்துக்கறேன்," என்று அவள் நிமிர்ந்தாள். "ஆனா சாவி தரமாட்டேன். வண்டி கெடும். இரும்புதான? ரெண்டு மாசம் தண்ணி குறைஞ்சத மறைச்சான் பாருங்க, அத நான் எப்படி விட? மறைச்சிட்டு உங்க தலையில வேற போட்டான். அவன் கையில இன்னொரு வண்டி குடுத்தா அதையும் வேகவச்சுட்டு வந்து கத சொல்லுவான்."

"நான் மறைக்கலம்மா," என்றான் அம்பகிஸ்யே.  "நான் வந்து…"

"பேசாத நீ. பெரியவர் முன்னாடி மறுபடியும் அவர் பேர இழுக்காத."

 அம்பகிஸ்யே இம்முறை ஒனேஸ்மோவைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தான்.

ஒரு மனிதனின் நல்ல பெயர் இன்னொருவனை மூழ்கடிக்க இவ்வளவு போதும். ஒனேஸ்மோ யாரையும் குற்றம் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. எல்லோரும் அவரை நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் எடை முழுவதும் அம்பகிஸ்யேயின் தலையில் இறங்கியிருந்தது.

"அவன் சொன்னான்," என்றார் ஒனேஸ்மோ.

"என்ன?"

"ஜனவரில வந்து சொன்னான். தண்ணி குறையுது, ஒழுகலன்னு. நான் வண்டிக்கடியில இருந்தேன். எந்திரிச்சுப் பாக்கல. இன்னொரு கேன் வச்சுக்கன்னேன்."

துமைனி அம்மா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார். நிறுத்தினால் மறுபடியும் தொடங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. "தகட்ட நான் வச்ச இடம் தப்பு. சூட்டுமுனையில வச்சிருக்கணும். அங்க போல்ட் ஒடையும், நேரமாகும்னு இங்க வச்சேன். சரியான இடத்துல வச்சிருந்தா இந்தத் தண்ணி போயிருக்காது. ஓட்டினவனும் இல்ல, வண்டியும் இல்லம்மா. நான்."

அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் இருப்பதாக அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சாலையில் ஒரு லாரி கியர் மாற்றிப் போனது.

"என்னோட மத்த ரெண்டு வண்டி?" என்று கேட்டாள் அவள் கடைசியில்.

"அதுலயும் அப்படித்தான்."

"ரெண்டும் இப்ப ரோட்டுல இருக்கு."

"தெரியும்."

"எப்ப சரி பண்ணுவீங்க?"

"வந்து நின்ன அன்னிக்கே. இதோட ஹெட்டையும் நானே இழைச்சுத் தரேன். கூலியில்ல."

"கூலி கேட்டுருவீங்களா!" என்றாள். கோபம் அப்போதுதான் வந்தது, தாமதமாக, முழுதாக. முதல் லாரி வாங்கிய நாளிலிருந்து இவரைத் தவிர வேறு யார் கையும் தன் எஞ்சினைத் தொட்டதில்லை என்றாள். ஏழு வருடம் ஓட்டியவனை வரிசை முன்னால் பொய்யன் என்று சொல்ல வைத்துவிட்டீர்களே என்றாள். அது அவளுக்கு வெந்த எஞ்சினைவிடப் பெரிதாக இருந்தது. பேசி முடித்ததும் பையிலிருந்து சாவியை எடுத்து அம்பகிஸ்யேயிடம் நீட்டினாள். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. "வீட்டுக்காரிகிட்டச் சொல்லிடு, திங்கக்கிழம வந்து அரிசி வாங்கிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

அம்பகிஸ்யே சாவியை வாங்கினான். ஒனேஸ்மோவிடம் வந்து நின்றான். நன்றி சொல்வான் என்று சிலர் எதிர்பார்த்தார்கள்.

"நாலு நாள்," என்றான். "நாலு நாள் அந்த டயர்ல உக்காந்திருந்தேன். மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?"

பதிலுக்குக் காத்திராமல் அவன் போய்விட்டான்.

ஃபெஸ்டோ சொன்னது பாதி நடந்தது. திங்கட்கிழமை வண்டி வந்தது. ஆனால் தகடு வைக்க அல்ல, எடுக்க. செய்தி அதற்குள் சாலை முழுக்கப் போயிருந்தது. சில டிரைவர்கள் வாசலில் நின்றபடியே, "ஓட்டினவனா, வண்டியா, ஒனேஸ்மோவா?" என்று கத்திவிட்டுச் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் கேபினைச் சாய்த்துக் காட்டினார்கள். சிலர் ம்பெயாவில் வேறு ஃபுண்டியிடம் போனார்கள். அங்கேயும் குளிர்முனையில்தான் வைத்துத் தந்தார்கள். ஒரு வாரம் ஃபெஸ்டோ ஒனேஸ்மோவிடம் பேசவில்லை. பிறகு ஒரு நாள், தான் காது இல்லாமல் வைத்த நான்கு தகடுகளை எடுக்க வேண்டும் என்று சொல்லி, அவருடைய டிரில்லைக் கடன் கேட்டான். காங்கோவுக்குப் போய்விட்ட வண்டிகளும் விற்றுப்போன வண்டிகளும் திரும்பி வரவில்லை. ஒனேஸ்மோ அவற்றைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. லாரிகள் மலை ஏறும் நேரங்களில் அவற்றை நினைத்துக்கொள்வார் போலும்.

நீல லாரியின் ஹெட்டை இழைத்து மாட்ட மூன்று வாரம் ஆனது. சூட்டுமுனையில் தகடு வைக்கும் அன்று அம்பகிஸ்யே அழைக்காமலே வந்து பக்கத்தில் நின்றான். மூன்று போல்ட்கள் ஏற்கெனவே வெளியே வந்திருந்தன. நான்காவது போல்ட் டக்கென்று தலை பிய்ந்தது.

"போச்சு," என்றான் அம்பகிஸ்யே.

"போகட்டும்."

உடைந்த மிச்சத்தைத் துளைக்க மாலைவரை ஆனது. அவன் கடைசிவரை விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். 

முதல் லோடுக்குக் கிளம்பும்போது, "நானும் கிடோங்கா வரைக்கும் கூட வரேன்" என்றார் ஒனேஸ்மோ.

"வேணாம்ணே. ஃபுண்டி ஏறி உக்காந்தா எல்லா வண்டியும் நல்லபிள்ளையா நடிக்கும். எனக்குத் தனியா என்ன செய்யுதுன்னு பாக்கணும்."

ஒன்பதாம் நாள் உரத்தோடு மலையேறி வந்தான். பட்டறை வாசலில் நிறுத்தி, கேபினின் முன்மூடியைத் தானே திறந்துவைத்துக் கூப்பிட்டான். ஒனேஸ்மோ வந்து பார்த்தார். தண்ணீர் கோட்டில் நின்றது.

"ஒரு சொட்டு ஊத்தல," என்றான் அம்பகிஸ்யே. "ருவாஹாவுல வெங்காயம் மட்டும் வாங்கினேன்."

ஒனேஸ்மோ டார்ச்சை வாங்கி, குனிந்து, சூட்டுமுனையைச் சுற்றிலும் பார்த்தார். ஈரம் இல்லை. மறுபடியும் தண்ணீர்க் கோட்டைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு தடவ ஏறட்டும்," என்றார்.

"இன்னும் நம்பலையா?"

"வேற ஏதாவது மாறிச்சா? சத்தம், புகை, இழுவை?"

அம்பகிஸ்யே யோசித்தான். வந்த வழியை மனதில் மறுபடி ஏறிப் பார்ப்பவன்போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டான். மூன்றாவது கியரில், பெரிய வளைவு தாண்டியதும், டர்போ பக்கம் ஒரு மெல்லிய விசில் கேட்டதாகச் சொன்னான். ஒருவேளை காற்றாகவும் இருக்கலாம், நிச்சயமில்லை, சொல்லத் தேவையில்லாத விஷயமாகவும் இருக்கலாம் என்றான்.

"ஆரம்பத்துலேருந்து சொல்லு," என்றார் ஒனேஸ்மோ, லாரியின் படிக்கட்டில் உட்கார்ந்து. "எந்த இடத்துல மொதல்ல கேட்டுச்சு?"